வைட்டமின் டி மரபணுக்களும் இடுப்புச் சுற்றளவும்

திருச்சிராப்பள்ளியும் அதன் கிழக்கே தஞ்சாவூர்ச் சாலையில் அமைந்த திருவெறும்பூரும் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகல் ஞாயிறு அங்கு நேர் உச்சியில் நிற்கிறது. மார்கழியில்கூட அது உச்சியிலிருந்து சுமார் 34 பாகைக்கு மேல் சாய்வதில்லை. தோலில் வெயில் பட்டால் உடல் தானே உருவாக்கிக்கொள்ளும் வைட்டமின் டி இத்தகைய ஊர்களில் குறைவதற்கு இடமே இல்லை என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. இரத்தப் பரிசோதனைகள் பரவலான பிறகு அந்த நம்பிக்கை பொய்த்தது. 2016 முதல் 2018 வரை இந்தியா முழுவதும் நடத்தப்பட்ட தேசிய முழுமையான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயது வரையிலான வளரிளம் பருவத்தினரில் 24 விழுக்காட்டினருக்கு வைட்டமின் டி குறைபாடு இருப்பது தெரியவந்தது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வோ, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயுடன் வாழ்கின்றனர் என்றும், வயது வந்தோரில் 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகுந்திருக்கிறது என்றும் கணக்கிட்டது.

இவ்விரு குறைகளும் ஒரே உடலில் அடிக்கடி சேர்ந்தே காணப்படுகின்றன. வைட்டமின் டி குறைந்ததால் சர்க்கரையும் கொழுப்பும் ஏறினவா, உடல் பருத்ததால் வைட்டமின் டி இறங்கியதா, அல்லது நடமாட்டமின்றி நிழலிலேயே கழியும் வாழ்க்கை இரண்டுக்கும் பொதுவான காரணமா என்பதை வெறும் இரத்தப் பரிசோதனையைக் கொண்டு பிரித்தறிய முடியாது. அதைப் பிரித்தறிவதற்கு அறிவியலாளர்கள் கையில் எடுத்த கருவியே வைட்டமின் டி சார்ந்த மரபணு மாறுபாடுகள். இவற்றை விதியின் எழுத்தாகப் படிப்பது எளிது. ஆனால் இதுவரை வந்த ஆய்வுகளின் எடையைப் பார்த்தால், அவற்றின் பெரும்பயன் தனிமனிதரின் எதிர்காலத்தைக் கணிப்பதில் இல்லை, எது காரணம் எது விளைவு என்பதைக் காட்டிக்கொடுப்பதில்தான் இருக்கிறது.

முதலில் வைட்டமின் டி உடலில் செல்லும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோலில் கொலஸ்ட்ராலுக்கு முந்தைய நிலையிலுள்ள ஒரு கொழுப்புப் பொருள் இருக்கிறது. சூரிய ஒளியின் புறஊதா பி கதிர்கள் அதன் மீது பட்டதும் அது வைட்டமின் டியாக மாறுகிறது. அதே பொருளைக் கொலஸ்ட்ராலாக மாற்றிவிடும் நொதி ஒன்றும் உண்டு; நொதி என்பது உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம். அந்த நொதியை உருவாக்கும் மரபணுவின் பெயர் டிஎச்சிஆர்7. அது மிகுந்த வேகத்தில் இயங்கினால் வெயிலுக்குக் கிடைக்க வேண்டிய மூலப்பொருள் கொலஸ்ட்ராலாகத் திரும்பிவிடுகிறது. சற்றே தளர்ந்து இயங்கினால் வைட்டமின் டிக்குக் கூடுதல் பங்கு மிஞ்சுகிறது. ஒரே வெயிலில் ஒரே நேரம் நிற்கும் இருவர் ஒரே அளவு வைட்டமின் டி பெறாமல் போவதற்கு, தோலின் நிறத்தை அடுத்து, இதுவும் ஒரு காரணம்.

தோலில் உருவானதும் உணவில் வந்ததும் கல்லீரலைச் சென்றடைகின்றன. அங்கே முக்கியமாகச் சிஒய்பி2ஆர்1 என்ற மரபணு தரும் நொதி அதனைச் சேமிப்பு வடிவமாக மாற்றுகிறது. ஆய்வகத்தில் வைட்டமின் டி என்று அளந்து சீட்டில் எழுதித் தருவது இந்த வடிவத்தைத்தான். இரத்தத்தில் அதைச் சுமந்து செல்வது ஜிசி என்ற மரபணு உருவாக்கும் ஒரு புரதம். 1959இல் சுவீடனைச் சேர்ந்த யான் ஹிர்ஷ்ஃபெல்ட் இப்புரதத்தைக் கண்டறிந்தபோது அது எதற்காக உடலில் இருக்கிறது என்பது தெரியாது; ஆளுக்கு ஆள் அதன் வகை வேறுபடுகிறது என்பது மட்டுமே தெரிந்தது; வைட்டமின் டியைச் சுமப்பதே அதன் பணி என்பது பின்னால் வெளிப்பட்டது. சிறுநீரகத்தில் மற்றொரு நொதி இந்தச் சேமிப்பு வடிவத்தைச் செயல்படும் ஹார்மோனாக மாற்ற, பணி முடிந்ததும் சிஒய்பி24ஏ1 தரும் நொதி அதனைச் சிதைத்து வெளியேற்றுகிறது. இறுதியாக, செல்லின் உட்கருவில் இருந்துகொண்டு அந்த ஹார்மோனைப் பற்றிப் பல மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் செய்வது வைட்டமின் டி ஏற்பி. இதற்குரிய மரபணு விடிஆர். மனிதரின் 12ஆம் குரோமோசோமில் இது அமைந்திருக்கிறது.

இந்த மரபணுக்களில் ஒவ்வொன்றிலும் மக்களிடையே சிறு எழுத்து வேறுபாடுகள் உண்டு. மரபணு என்பது நான்கு வேதி எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட வாசகம். அதில் ஓரிடத்தில் ஓர் எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்து இருப்பதையே மரபணு மாறுபாடு என்கிறோம். அத்தகைய வேறுபாடு என்ன செய்யும் என்பதற்கு விடிஆரிலுள்ள ஃபாக்-1 என்ற மாறுபாடு நல்ல சான்று. புரதம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அறிவிக்கும் இடத்திலேயே இந்த மாறுபாடு அமைகிறது. ஒரு வகையினரிடம் முதல் தொடக்கக் குறியிலிருந்தே புரதம் உருவாகி 427 அமினோ அமிலங்கள் கொண்டதாகிறது. மற்றொரு வகையினரிடம் அந்தக் குறி அழிந்திருப்பதால் அடுத்த குறியிலிருந்து தொடங்கி 424 அமினோ அமிலங்களோடு நின்றுவிடுகிறது. மூன்று அமினோ அமிலங்கள் குறைந்த குட்டைப் புரதமே ஆய்வகச் சோதனைகளில் சற்றுச் சுறுசுறுப்பாகச் செயல்பட்டது என்பது வியப்புக்குரியது. விடிஆரில் ஆராயப்பட்ட ஏனைய மாறுபாடுகளான பிஎஸ்எம்-1, ஆப்பா-1, டாக்-1 ஆகியவை புரதத்தின் அமைப்பை மாற்றுவதில்லை. அருகிலுள்ள வேறு மாற்றங்களுக்கு அடையாளக்கல்லாக இருக்கக்கூடும் என்ற அளவில்தான் அவை மதிக்கப்படுகின்றன.

வைட்டமின் டிக்கும் வளர்சிதை மாற்றத்துக்கும், அதாவது உண்ட உணவை உடல் ஆற்றலாக்கிச் செலவிடுவதும் சேமிப்பதுமாகிய பணிக்கும், என்ன தொடர்பு என்ற கேள்விக்கு உடலியல் சில விடைகளைத் தருகிறது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களில் விடிஆர் ஏற்பி இருக்கிறது. இன்சுலின் வெளிப்படுவதற்குச் செல்லுக்குள் கால்சியம் நுழைய வேண்டியிருப்பதால், கால்சியத்தை ஆளும் வைட்டமின் டி இன்சுலின் சுரப்பையும் தொடக்கூடும். தசையிலும் கொழுப்புத் திசுவிலும் அதே ஏற்பி காணப்படுகிறது. இரத்த அழுத்தத்தை உயர்த்தும் ரெனின் என்ற பொருளின் உற்பத்தியைச் செயல்படு வைட்டமின் டி அடக்குகிறது என்பதை எலிகளில் நடந்த ஆய்வு 2002இல் காட்டியது. இவ்வளவும் நடக்கக்கூடியவை என்பதில் ஐயமில்லை. மனிதரின் அன்றாட வாழ்வில் எவ்வளவு நடக்கிறது என்பதே வழக்கு.

இந்த வழக்கில் தமிழகத்துக்குத் தொடக்கத்திலிருந்தே பங்கு உண்டு. குழந்தைப் பருவத்திலேயே இன்சுலின் ஊசி தேவைப்படும் முதல் வகைச் சர்க்கரை நோய் கொண்ட தென்னிந்தியக் குடும்பங்களை, சென்னையின் நீரிழிவு மருத்துவர் அ. ராமச்சந்திரன், ஆய்வாளர் சி. சினேகலதா ஆகியோர் லண்டன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஆராய்ந்து, விடிஆர் மாறுபாடு அந்நோய்க்கு ஆளாகும் தன்மையைப் பாதிக்கிறது என்று 1997இல் அறிவித்தனர். நோயாளியும் பெற்றோர் இருவரும் தரும் இரத்தத்தை ஒப்பிட்டு, பெற்றோரிடமிருந்து எந்த வடிவம் பிள்ளைக்கு அதிகம் கடத்தப்பட்டிருக்கிறது என்று கணக்கிடும் முறை அதில் கையாளப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, கிழக்கு லண்டனில் வாழும் வங்கதேச மக்களிடம் விடிஆர் வகைக்கும் இன்சுலின் சுரப்புக்கும் தொடர்பு இருப்பதாக அதே லண்டன் குழு எழுதியது. வெயில் குறைந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்த தெற்காசியரிடம் வைட்டமின் டி குறைவும் சர்க்கரை நோயும் ஒருங்கே மிகுந்திருந்ததே அந்த ஆய்வுகளுக்குத் தூண்டுகோல். பின்னர் 2004இல், பல நாடுகளைச் சேர்ந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கொண்டு விடிஆர் மரபணுவை அலசிய பேராய்வு, முதல் வகைச் சர்க்கரை நோயுடன் அதற்குத் தொடர்பு இருப்பதற்கான சான்றைக் காணவில்லை. சிறிய ஆய்வில் ஒளிர்ந்த தொடர்பு பெரிய ஆய்வில் மங்கிப்போவது மரபணு ஆராய்ச்சியில் பலமுறை நடந்ததுதான். விடிஆரை மட்டும் வைத்து ஒருவரின் சர்க்கரை நோயைக் கணிக்கலாம் என்று விற்கப்படும் எந்தப் பரிசோதனையையும் இந்த வரலாற்றோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

விடிஆரில் கிடைக்காத தெளிவு, இரத்தத்திலுள்ள வைட்டமின் டி அளவை ஆளும் மரபணுக்களில் கிடைத்தது. ஐரோப்பிய வம்சாவளியினர் சுமார் 34,000 பேரின் மரபணுத் தொகுதியை அலசிச் ‘சன்லைட்’ என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 2010இல் வெளியிட்ட ஆய்வு, ஜிசி, டிஎச்சிஆர்7, சிஒய்பி2ஆர்1 ஆகிய மூன்றும் இரத்த அளவோடு உறுதியாகத் தொடர்புடையவை என்று நிறுவியது. குறைக்கும் வடிவங்களை மிகுதியாகக் கொண்டிருந்த நாலிலொரு பங்கினருக்கு, மிகக் குறைவாகக் கொண்டிருந்த நாலிலொரு பங்கினரைவிட வைட்டமின் டி போதாமை ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருந்தது. ஆயினும், மக்களிடையே காணப்படும் மொத்த ஏற்றத்தாழ்வில் இந்த மரபணுக்கள் விளக்குவது சில விழுக்காட்டை மட்டுமே. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டானியரை ஆராய்ந்து 2020இல் வந்த ஆய்வு, தொடர்புடைய இடங்களின் எண்ணிக்கையை 143 ஆக உயர்த்தியது.

இத்தகைய மரபணுக்கள் காரணத்தை எப்படிக் காட்டிக்கொடுக்கின்றன? தாய் தந்தையரிடமிருந்து எந்த வடிவம் பிள்ளைக்கு வரும் என்பதைக் கருவுறும்போதே தற்செயல் தீர்மானித்துவிடுகிறது. பிற்கால உணவோ, வேலையோ, வருமானமோ, நோயோ அதை மாற்ற முடியாது. ஆகவே வைட்டமின் டியைக் குறைக்கும் வடிவத்தோடு பிறந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் சற்றுக் குறைந்த அளவோடு இருக்க, அவர்களுக்குப் பருமன் மிகுதியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். மறுபுறம், உடல் பருமனைக் கூட்டும் வடிவங்களோடு பிறந்தவர்களுக்கு வைட்டமின் டி குறைந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். பரம்பரை விதிகளைக் கண்ட மெண்டலின் பெயரால் வழங்கும் இந்த முறையை இருதிசையிலும் கையாண்ட ஆய்வு 2013இல் வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியரான விமலேஸ்வரன், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில் தென்னிந்தியரின் சர்க்கரை நோய் மரபணுக்களை ஆராய்ந்து, பின்னர் இங்கிலாந்துக்குச் சென்று ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்து மரபியல் துறையில் பணியாற்றுபவர். 21 ஆய்வுகளில் இடம்பெற்ற 42,024 பேரின் தரவுகளைக் கொண்டு வந்த முடிவு நேரடியானது: எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை எண் 10 விழுக்காடு கூடினால் வைட்டமின் டி 4.2 விழுக்காடு குறைகிறது. வைட்டமின் டியைக் குறைக்கும் மரபணுக்களோ உடல் நிறை எண்ணைக் கூட்டவில்லை. பருமனே வைட்டமின் டியைக் கீழே இழுக்கிறது.

வைட்டமின் டி கொழுப்பில் கரைவதால் கொழுப்புத் திசுவில் தங்கிவிடுகிறது என்பது இதற்கான விளக்கங்களுள் ஒன்று. ஒரே அளவு புறஊதாக் கதிரில் நிறுத்தியபோது, பருமனானவர்களின் இரத்தத்தில் வைட்டமின் டி ஏறிய அளவு ஒல்லியானவர்களைவிட 57 விழுக்காடு குறைவாக இருந்தது என்று அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டிருந்தது. தமிழர் உள்ளிட்ட தெற்காசியரிடம் இதற்குக் கூடுதல் பொருள் உண்டு. ஒரே உடல் நிறை எண் கொண்ட ஐரோப்பியரைவிட இவர்களுக்கு உடற்கொழுப்பு, குறிப்பாக வயிற்றைச் சுற்றிய கொழுப்பு, மிகுதி. பார்வைக்கு ஒல்லியாகத் தோன்றுபவர் சட்டைக்குள் தொப்பையை வைத்திருப்பது தமிழ்நாட்டில் புதிதன்று. அதனால்தான் இந்தியருக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80 செண்டிமீட்டர் என்று தாழ்த்தி வைக்கப்பட்டிருக்கிறது.

இரத்த அழுத்தத்தில் முடிவு வேறுவிதமாக அமைந்தது. விமலேஸ்வரன் தலைமையில் 2014இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, மரபணு வழியாக வைட்டமின் டி 10 விழுக்காடு கூடுதலாக இருப்பவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 8 விழுக்காடு குறைவதாகக் கணித்தது. பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயிலோ கருத்து பிளவுபட்டது. 2014இல் டென்மார்க் ஆய்வு தொடர்பு உண்டு என்றது, 2015இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட பெரிய ஆய்வு காரணத் தொடர்பைக் காணவில்லை என்றது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 2,423 அமெரிக்கருக்கு நாள்தோறும் 4,000 அலகு வைட்டமின் டியோ வெற்று மாத்திரையோ கொடுத்து 2019இல் முடிவு வெளியிட்ட சோதனையில், வைட்டமின் டி பெற்றவர்களில் 24.2 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 26.7 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவினது. இத்தகைய மூன்று சோதனைகளை ஒன்றுசேர்த்து 2023இல் செய்த கணக்கு 15 விழுக்காட்டுக் குறைப்பைக் காட்டியது. பயன் இருக்கலாம், இருந்தாலும் அது சிறியது.

மரபணு ஒரே மாதிரி இருந்தும் சூழல் எவ்வளவு மாற்றுகிறது என்பதை அறியத் தமிழகத்தின் எல்லையைத் தாண்டித் திருப்பதிக்குச் சென்றால் போதும். அங்குள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த சி. வி. ஹரிநாராயணும் அவர் குழுவினரும் நகரத்தாரையும் கிராமத்தாரையும் ஒப்பிட்டபோது, வயலில் உழைப்பவர்களின் வைட்டமின் டி அளவு நகரத்தாரைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. கண்ணாடிக் குப்பிகளில் தோலின் மூலப்பொருளை நிரப்பி மணிக்கு மணி வெயிலில் வைத்துப் பார்த்த அவர்கள், முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலில்தான் அது நன்கு வைட்டமின் டியாக மாறுகிறது என்று கண்டனர். காலை இளவெயிலில் நடந்தால் வைட்டமின் டி கிடைக்கும் என்று பூங்காக்களில் பரவலாகச் சொல்லப்படுவது, நடைக்கு நல்லது என்ற அளவில் மட்டுமே சரி.

திருவெறும்பூர் இந்த மாற்றத்தின் இரு பக்கங்களையும் ஒருங்கே கொண்ட ஊர். உய்யக்கொண்டான் வாய்க்கால் பாயும் வயல்களில் நடவும் களையெடுப்பும் உச்சி வெயிலில் நடந்த நிலத்துக்கு அருகிலேயே, 1960களில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும் எழுந்தன. அவற்றைச் சார்ந்து துவாக்குடி வரை பட்டறைகள் பெருகின. தகரக் கூரைக்கடியில் ஷிப்ட் முறையில் பணிபுரியும் தொழிலாளிக்கு வேலைநாளின் நண்பகல் வெயில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து பகலில் உறங்குபவருக்கு அதுவும் இல்லை. வெல்டிங் ஆர்க்கின் ஒளியில் புறஊதாக் கதிர்கள் உண்டென்றாலும் அது கண்ணையும் தோலையும் சுட்டுப் பொசுக்கும் ஒளி. முகமூடியும் தோல் கையுறையும் அணிந்து அதிலிருந்து விலகி நிற்பதே முறை. பாட்டன் தலைமுறைக்கும் பேரன் தலைமுறைக்கும் இடையே ஊராரின் மரபணுக்கள் ஏறத்தாழ மாறவில்லை. வெயிலில் நிற்கும் நேரமும் உண்ட சோற்றைச் செலவழிக்கும் வழியுமே இரு தலைமுறையில் மாறிப்போயின.

சோறு இங்கே போகிற போக்கில் வந்த சொல் அன்று. இந்தியர் தம் உணவின் ஆற்றலில் சுமார் 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து பெறுகின்றனர் என்று மேற்சொன்ன சென்னை ஆய்வின் உணவுப் பகுதி தெரிவிக்கிறது. அதில் பெரும்பங்கு தீட்டிய அரிசியும் கோதுமை மாவும் சர்க்கரையும்தான். இந்தோனேசியாவின் மினங்கபாவ் இனப் பெண்களிடம் விமலேஸ்வரன் குழுவினர் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின் டியைக் குறைக்கும் மரபணு வடிவங்கள் மிகுந்தவர்கள் மாவுச்சத்தை அதிகம் உண்டபோது மட்டும் உடற்கொழுப்பு கூடியிருந்தது. 110 பேரை மட்டும் கொண்ட சிறிய ஆய்வு என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள இயலாது. ஆயினும் அரிசி உண்ணும் மக்களிடம் மரபணுவும் தட்டும் சேர்ந்தே செயல்படுகின்றனவா என்று தமிழ்நாட்டில் பெரிய அளவில் ஆராய இது போதிய காரணம். ஐரோப்பியரிடம் எடுத்த மரபணுப் பட்டியலை அப்படியே தமிழருக்குப் பொருத்துவது தவறான கணக்கைத் தரும். 10,074 இந்தியரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருப்பதால், அந்தக் குறையை நீக்கும் வழி இப்போது இருக்கிறது.

ஒரு மரபணு மாறுபாட்டை மட்டும் தனித்துச் சொல்லியாக வேண்டும். 1950களில் பிரிட்டனில் எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ் நோயைத் தடுக்கக் குழந்தைகளின் பால்மாவில் வைட்டமின் டி தாராளமாகச் சேர்க்கப்பட்டபோது, சில குழந்தைகளுக்கு மட்டும் இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறியது. காரணம் 2011இல்தான் கண்டறியப்பட்டது: வைட்டமின் டியைச் சிதைத்து வெளியேற்றும் சிஒய்பி24ஏ1 மரபணு அத்தகைய குழந்தைகளிடம் பழுதுபட்டிருந்தது. இது அரிய நிலைதான். ஆயினும் எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் 60,000 அலகு கொண்ட வைட்டமின் டி பொடிப் பொட்டலம் எளிதாகக் கிடைக்கிறது. குறைபாடு உறுதியானவருக்கு மருத்துவர் வாரம் ஒன்றாகச் சில வாரங்கள் எழுதித் தரும் மருந்து அது. அதை நாள்தோறும் பாலில் கலந்து குடிப்பவர் சிறுநீரகக் கல்லையும் சிறுநீரகச் செயலிழப்பையும் தேடிக்கொள்ளக்கூடும்.

எனவே, ஆயிரக்கணக்கில் செலவழித்து வைட்டமின் டி மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள இப்போதைக்குப் பொதுமக்கள் எவருக்கும் தேவையில்லை. ஒரு தையல் நாடாவால் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து பாருங்கள். அது 90 அல்லது 80 செண்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் உறுதியானவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக மாத்திரைகள் வீட்டுக்கே வந்து சேர்கின்றன.